நீல டிரம்

கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்து போய், முன்கூடத்து மூலையில் டீ பிடித்து, சர்க்கரை போதாமல் இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கி, திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் தெக்லாவின் திரையில் பதில் வரவில்லை. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுங்கியது. "இரு, யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லக்கூட அந்த மெஷினுக்குத் திராணி இல்லை.

தெக்லாவுக்கும் இல்லைதான். புயல் வந்ததிலிருந்து அவள் வீட்டுக்குப் போனது துணி மாற்ற மட்டும். கடல்தேடல் மையத்தில் கணினிக்கு ஆள் என்று இருப்பது அவள் ஒருத்தி. புது மெஷின் கேட்டு அவள் அனுப்பிய கோப்பு தலைநகரத்தில் யாருடைய மேஜையிலோ சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது கண் விழிப்பதற்குள் தான் ஓய்வு பெற்றுவிடலாம் என்று முன்பெல்லாம் வேடிக்கையாகச் சொல்வாள். இப்போது அதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, அவளும் சேர்த்து.

ஆவுடையப்பன் மூன்றாவது முறையாக வாசலில் வந்து நின்றார். மையத்தின் தலைமை விஞ்ஞானி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். ஆனால் கடல் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

"கஸ்பார் வள்ளத்துக்கு மேப் வந்துச்சா தெக்லா?"

"வரும் சார். காலைல கேட்டதுக்கே இப்பதான் தும்முது."

"டிரோன் துறைமுகத்துல சும்மா கெடக்கு. எங்க போகணும்னு டிரோன்காரன் கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? கிழக்கயா மேற்கயா?"

புன்னைத்துறையிலிருந்து மூன்று பேரோடு மீன்பிடிக்கப் போன வள்ளம் புயலுக்குப் பின் திரும்பவில்லை. ஓட்டிப் போனவன் கஸ்பார் என்ற இளைஞன். மையத்தில் இருப்பது ஒரே ஒரு டிரோன். கடலோ கண்ணுக்கு எட்டாத கடல். எங்கே பார்க்க வேண்டும் என்று 'தேடி' சொல்லாவிட்டால் அந்த டிரோன் ஒரு பொம்மைதான்.

தேடி என்பது ஆவுடையப்பன் எழுதிய நிரல். ஒரு வள்ளம் காணாமல் போனால், அது கடைசியாக இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான நிழல் வள்ளங்களைக் கணக்குக்குள் மிதக்கவிடும். ஒவ்வொன்றிலும் நிழல் ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தாகம் எடுக்கும், பயம் வரும், ஒருவன் கரையைப் பார்த்துப் போவோம் என்பான், இன்னொருவன் இருந்த இடத்தில் இருப்போம் என்பான். அவர்களுடைய குணம் எப்படித் தெரியும் என்றால், வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். தேடி அவர்களோடு தொலைபேசியில் பேசும். அவர் கோபக்காரரா, நீச்சல் எப்படி, தண்ணீர் எவ்வளவு கொண்டு போனார் என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும். அதற்கேற்ப நிழல்கள் நடந்துகொள்ளும். நிழல் வள்ளங்கள் எங்கே அதிகம் கூடுகின்றனவோ அங்கே டிரோன் போகும். இப்படித்தான் இந்தக் கரையில் எத்தனையோ பேர் உயிரோடு வீடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

திரை ஒருவழியாகப் பதில் சொன்னது. தெக்லா குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"என் புரோகிராம்ல மெமரி லீக் கிடையாது" என்றார் ஆவுடையப்பன், அவள் கேட்காமலே.

"நான் ஒண்ணும் சொல்லலயே சார்."

"சொல்லப் போறே. மெஷின் மெதுவாப் போனா எல்லாரும் என்னையத்தான் பாக்கீங்க."

"மெமரி நெறஞ்சிருக்குன்னு காட்டினா மட்டும் நான் பயப்பட மாட்டேன். இந்த மெஷின நடத்துற யூனிக்ஸ் சும்மா கெடக்குற இடத்த வீணாக்காது. படிச்ச கோப்பையெல்லாம் அதுல போட்டு வச்சிருக்கும். யாராவது இடம் கேட்டா உடனே ஒதுக்கிக் குடுத்துரும். அந்த மாதிரி ஒதுக்கிக் குடுக்க இங்க ஒண்ணுமே மிச்சமில்ல. இந்த ரெண்டு வரிசையப் பாருங்க. இது டிஸ்க்ல இருந்து மெமரிக்கு வாறது. இது மெமரில இருந்து டிஸ்க்குக்குப் போறது. ரெண்டும் ஓயாம ஓடுது. கணக்குப் போடுற பிராசசர் சும்மா கையக் கட்டிக்கிட்டு நிக்கி."

"பேஜிங். அது எனக்கும் தெரியும். ஆனா இவ்வளவு மோசமாவா?"

"உங்க வீட்டு அடுக்களையில மேடை எவ்வளவு இருக்கும் சார்?"

"என்ன கேள்வி இது?"

"மேடைல எடம் பத்தலன்னா இப்ப வேண்டாத பாத்திரத்தப் பரண்ல ஏத்துவாக. அதுல தப்பே இல்ல. ஆனா எல்லாப் பாத்திரமும் இப்பவே வேணும்னா? உப்புக்கு ஒரு தடவ ஸ்டூல் போட்டு ஏறணும், கரண்டிக்கு இன்னொரு தடவ ஏறணும். ஒண்ண எறக்கணும்னா இன்னொண்ண ஏத்தணும். கடைசில சமையல் நடக்காது. ஏறி எறங்குறது மட்டுந்தான் நடக்கும்."

"சமைக்கிறது எங்க வீட்ல அவ."

"அதான் உங்களுக்கு வெளங்கல."

ஆவுடையப்பனுக்கு லேசாகச் சிரிப்பு வந்து உடனே போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, மேடைய யாரு அடைச்சிருக்கா?"

அதைத்தான் தெக்லாவும் கேட்டிருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும் தேடல்களை, அடைத்திருக்கும் இடத்தை வைத்துப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தாள். கஸ்பாரின் தேடல் அடியில் எங்கோ கிடந்தது. உச்சியில், கிட்டத்தட்ட பாதி மெமரியைத் தனியாக விழுங்கிக்கொண்டு, தொம்மை என்று இருந்தது.

தொம்மையை மையத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் மூன்று பேரோடு கடலுக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் மனைவி பிரகாசி காலையும் மாலையும் தேடியோடு பேசுவாள். அவர் கடலில் கிடந்து வளர்ந்தவர், தூண்டில் இல்லாமலும் மீன் பிடிப்பார், தார்ப்பாயை விரித்து மழைத்தண்ணீர் சேர்ப்பார், தான் குடிக்காமல் மற்றவர்களுக்குக் கொடுப்பார் என்று தினம் ஒரு சங்கதி சொல்வாள். தேடி எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொள்ளும்.

"லீக்குன்னா யாரும் தொடாமலே வீங்கிக்கிட்டே போகும்" என்றாள் தெக்லா. "இது அப்படி இல்ல. பிரகாசி பேசினா ஒரு படி ஏறுது. பேசாதப்ப அங்கயே நிக்கி. உங்க புரோகிராம் சொன்னதச் செய்யுது சார். ஆனா இத்தன நாளைக்கு அப்புறம் இந்த நிழல்ல ஒண்ணாவது செத்திருக்கணுமே? ஏன் ஒண்ணும் சாகல?"

ஆவுடையப்பன் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நிறுத்தவும் முடியாது" என்றார், அவள் அதைக் கேட்காதபோதே.

தேடலை மனிதக் கை நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு. முன்பு ஒரு அதிகாரி ஒரு தேடலை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். காணாமல் போன மனிதர் அடுத்த வாரம் வேறொரு கரையில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, தன் படத்திலிருந்து தானே மாலையைக் கழற்றினார். அன்றிலிருந்து, கடைசி நிழல் வள்ளத்தில் கடைசி நிழல் ஆள் சாகும்போது தேடி தானாக முடித்துக்கொள்ள வேண்டும். மற்ற யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தாலும் அது நிறுத்தியதாகவே எண்ணப்படும்.

"எடம் சுத்தமாத் தீந்துட்டா யூனிக்ஸே எதையாவது பெருசாப் பாத்துக் கொன்னுடும்னு சொல்வியே?" என்று ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "நாம கை வைக்கல. அதுவாச் செஞ்சா?"

"தேடல்களத் தொடாதேன்னு நான்தான் விலக்குப் போட்டு வச்சிருக்கேன். உத்தரவு வந்த அன்னைக்கே. இப்ப எடம் தீந்தா அது தேடல விட்டுட்டு மத்ததையெல்லாம் கொல்லும். அப்புறம் மெஷினே படுத்துரும். தொம்மையும் போவாரு, கஸ்பாரும் போவான்."

"வேற எங்கயாவது மாத்தி ஓட்டலாம்ல?"

"கேபிள் அறுந்து கெடக்கு சார். முன்கூடத்துல தேடியோட ஒரு போன் மட்டும் வேலை செய்யுது. அது வழியா இந்த மூட்டைய எப்படி அனுப்ப?"

ஆவுடையப்பன் கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி நெற்றியிலேயே வைத்துக்கொண்டார். அந்த மனிதரைப் பார்க்கத் தெக்லாவுக்குப் பாவமாக இருந்தது. ஊர் முழுக்க ஆளைக் காப்பாற்றும் ஒரு பொருளைச் செய்துவிட்டு, அது யாரையோ சாகவிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை.

அவள் தொம்மையின் தேடலுக்குள் போய் ஒரு நிழல் வள்ளத்தைத் திறந்து பார்த்தாள். வழக்கமாக அவள் அதைச் செய்வதில்லை. கணினி பார்க்கிறவளுக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்தால் போதும், உள்ளே யார் என்று தெரிய வேண்டியதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தாள். அது அவளுக்குத் தூக்கம் வருவதற்காக ஏற்பட்ட கொள்கை. இன்று அதைக் கைவிட்டாள்.

நான்கு நிழல் ஆட்கள். ஒருவன் தூங்குகிறான். ஒருவன் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருக்கிறான். வள்ளத்தின் நடுவில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர். மழை பெய்யும்போதெல்லாம் அது நிரம்புகிறது. அடுத்த வள்ளத்தைத் திறந்தாள். வேறு கடல், வேறு காற்று, அதே டிரம். நிழலாக இருந்தாலும் தேடி வீட்டுக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைக்கும். நீல டிரம்.

ஏதோ உறுத்தியது. அவள் வேறொரு தேடலைத் திறந்தாள். வேறு ஊர், வேறு ஆட்கள், தொம்மைக்குப் பிறகு போனவர்கள். அங்கேயும் நீல டிரம். இன்னொன்றைத் திறந்தாள். நீல டிரம். எப்போதோ முடிந்திருக்க வேண்டிய தேடல்கள் எல்லாவற்றிலும் நீல டிரம் நின்றது. கடைசியில் கஸ்பாரின் தேடலைத் திறந்தாள். அங்கேயும் ஒன்று.

"சார், வள்ளத்துல தண்ணி எதுல கொண்டு போவாக?"

"கேன்லதான். மூணு, நாலு. ஏன்?"

தெக்லா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

முன்கூடத்தில் புன்னைத்துறைப் பெண்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரகாசியும் அங்கேதான் இருந்தாள். கஸ்பார் அவளுடைய தம்பி. கணவனுக்காகத் தினமும் வந்த இடத்துக்கே இப்போது தம்பிக்காகவும் வந்திருந்தாள். அழுது முடித்த முகம். தெக்லா கூப்பிட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கஸ்பார் கெடச்சுட்டானாக்கா?"

"இல்லம்மா. உக்காரு."

"அப்ப எதுக்குக் கூப்புட்டிய?"

எப்படிக் கேட்பது என்று தெக்லாவுக்குத் தெரியவில்லை. சுற்றி வளைக்கத் தெம்பும் இல்லை. "அந்த நீல டிரம் நெசமா?" என்று கேட்டாள்.

பிரகாசி முதலில் ஆவுடையப்பனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். வெளியே யாரோ செபம் சொல்லும் சத்தம் கேட்டது.

"எப்படிக்கா தெரியும்?"

"எல்லாத் தேடல்லயும் அந்த டிரம் நிக்கி."

"மொத நாளு அது என்ட்ட கேட்டுச்சு. தண்ணி எவ்வளவு கொண்டு போனாகன்னு. எனக்குத் தெரியும், மூணு கேன். சொல்ல வாயெடுத்தேன். கொல்லையில டிரம் நின்னுச்சு. அதப் பாத்துக்கிட்டே ஒரு நீல டிரம்மும் இருக்குன்னு சொல்லிட்டேன்." அவள் நிமிர்ந்தாள். "'நன்றி, வாய்ப்பு கூடியிருக்கிறது'ன்னு சொல்லுச்சு. அந்த வார்த்தைய அன்னைக்கு வேற யாரும் எனக்குச் சொல்லல அக்கா. சாமியார் சொல்லல, எங்க மாமியா சொல்லல. எல்லாரும் என் கழுத்தத்தான் பாத்தாக."

"மத்தவங்களுக்கு நீ சொன்னியா?"

"வந்து கேட்டாளுவ. உம் புருசன மட்டும் எப்படி இன்னும் தேடுதுன்னு. பச்சப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்து கேக்குறவட்ட நான் என்ன சொல்ல? நீல டிரம் இருந்தா நிறுத்தாதுன்னு சொன்னேன். பொய்னு சொல்லல. அவளுவ புரிஞ்சுக்கிட்டாளுவ."

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். அவருக்குக் கோபம் வரும்போது குரல் மெலியும். "அம்மா, நீங்க எல்லாரும் சேந்து செய்த காரியத்தால இப்ப உங்க தம்பி தேடலே நின்னுபோய்க் கெடக்கு. தெரியுதா? செத்துப்போனவங்க உக்காந்திருக்குற எடத்துல உயிரோட இருக்குறவனுக்கு எடமில்ல."

பிரகாசியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. செத்துப்போனவங்க என்ற சொல்லை அவள் காதுபட முதன்முதலாகச் சொன்னது இவர்தான். அவருக்கே அது வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"தெக்லா" என்றார் அங்கிருந்தே. "தேடல நிறுத்தத்தான் தடை. தகவல் தப்புன்னா திருத்தலாம். எல்லாத் தேடல்லயும் டிரம்மை எடுத்துரு. ஒரே கட்டளை. நிழல் எல்லாம் தானாச் செத்துரும், மெமரி காலியாயிரும்."

"கஸ்பார் தேடல்லயும் டிரம் இருக்கு சார்."

"அதையும்தான். அதும் இவுக சொன்ன டிரம்தான?"

"அத எடுக்காதிய!" பிரகாசி கிட்டத்தட்டக் கத்தினாள். "அது நெசம். கஸ்பார்ட்ட டிரம் நெசமாவே இருக்கு."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்த மாதிரி மூச்சு விட்டார். "பாத்தியா? இப்ப என்ன செய்வே? தண்ணி இருந்தா வள்ளம் ரொம்ப நகராம இருக்கப் பாயக் கடல்ல போட்டு இழுக்க விட்டுட்டு இருந்த எடத்துலயே உதவிக்குக் காத்திருப்பானுவ. தண்ணி இல்லன்னா மிச்ச டீசல எரிச்சு மேற்க கரையப் பாத்து ஓடுவானுவ. ரெண்டும் ரெண்டு கடல். டிரோன் ஒண்ணுதான். தப்பான பக்கம் அனுப்பினா அவ்வளவுதான். இவுக பேச்ச நம்பி அனுப்பச் சொல்றியா?"

தெக்லா பிரகாசியைப் பார்த்தாள். இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் ஒரு மெஷினையே ஏமாற்றிய முகம். இப்போது அது உண்மை சொல்கிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? திரையில் ஒரு எண் இருந்தால் சொல்லிவிடலாம்.

"அவன்ட்ட டிரம் எப்படி வந்துச்சு?"

"எங்க வீட்டு டிரம்தான் அக்கா." பிரகாசியின் குரல் உடைந்தது. "அதே டிரம். புயலுக்கு முந்தின வாரம் வந்தான். தொம்மை மச்சான் டிரம் வச்சிருந்ததாலதான இன்னும் உயிரோட இருக்காக, எங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? மச்சான்ட்ட டிரம் கெடையாதுடா, நான் பொய் சொன்னேன்டான்னு எப்படிச் சொல்ல? எடுத்துட்டுப் போடான்னு குடுத்தேன். தார்ப்பாயும் குடுத்தேன். இப்ப வீட்ல தண்ணிக்குக் கொடம்தான்."

டிஸ்க்கின் பச்சை விளக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. பொய்யை மறைக்க ஒருத்தி பொய்க்கு ஏற்றபடி உலகத்தை மாற்றிவைத்திருக்கிறாள் என்று தெக்லா நினைத்தாள். இட்டுக்கட்டிய கதையாக இருந்தால் அவள் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள்.

"நம்புதேன் சார்" என்றாள். "கஸ்பார் டிரம் இருக்கட்டும். மத்ததையும் மொத்தமாத் தொட வேண்டாம். அந்தந்த வீட்டுக்காரங்க வந்து சொல்லட்டும். தொம்மை தேடல் ஒண்ணு கொறஞ்சாலே கஸ்பாருக்குப் போதுமான எடம் கெடச்சுரும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"என் பேர்ல எழுதிக்கிடுங்க."

ஆவுடையப்பன் அவளை நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தொம்மையின் தேடலைத் திருத்த விசைப்பலகையை அவர் இழுத்தபோது பிரகாசி தடுத்தாள்.

"நான் சொல்லுதேன். நான் சொன்னத நானே சொல்லுதேன்."

முன்கூடத்துச் சுவரில் தேடியின் தொலைபேசி இருந்தது. பிரகாசி அதை எடுத்ததும் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெக்லா கூடவே போய்ப் பக்கத்தில் நின்றாள். தேடியின் குரல் எப்போதும்போல மரியாதையாக வந்தது.

"வணக்கம் பிரகாசி. தேடல் நடந்துகொண்டிருக்கிறது. புதிய தகவல் இருக்கிறதா?"

"இருக்கு." அவள் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். "டிரம் இல்ல. மூணு கேன்தான். தார்ப்பாயும் இல்ல. கிழிஞ்சு போச்சுன்னு வீட்லயே போட்டுட்டுப் போனாக."

"உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"உறுதி."

"நன்றி" என்றது தேடி. இந்த முறை வாய்ப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தெக்லா உள்ளே ஓடினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் பரணில் ஏறி ஒவ்வொரு நிழல் வள்ளமாக இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு எண் குறையத் தொடங்கியது. நிழல் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தவனும் போனான், தூங்கிக்கொண்டிருந்தவனும் போனான். தெக்லா பார்க்காமல் இருக்க முயன்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வெறும் எண்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கண் கலங்கியது. களைப்பு என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

முன்கூடத்திலிருந்து தேடியின் குரல் கேட்டது. "தொம்மை அவர்களின் தேடல் முடிந்தது. புதிய தகவல் கிடைத்தால் மீண்டும் தொடங்கும். உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்." கடைசி வாக்கியம் ஆவுடையப்பன் எழுதியது. அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

வெளியே ஒரு பெண் ஓலமிட்டாள். அது பிரகாசி இல்லை. பிரகாசி தொலைபேசியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

டிஸ்க் விளக்கு துடிப்பதை நிறுத்தியது. மெஷினுக்கு மூச்சு வந்தது. காலையிலிருந்து அசையாமல் கிடந்த கஸ்பாரின் தேடல் மளமளவென்று ஓடி, டீ குடித்து முடிப்பதற்குள் வரைபடத்தைக் கொண்டுவந்து போட்டது. தென்கிழக்கே ஒரு சின்ன வட்டத்துக்குள் நிழல் வள்ளங்கள் நெருக்கி நின்றன. அத்தனையும் காத்திருக்கும் வள்ளங்கள். ஆவுடையப்பன் ஒரு முறை தெக்லாவைப் பார்த்தார். பிறகு டிரோன்காரனை ரேடியோவில் கூப்பிட்டு இடத்தைச் சொன்னார்.

வெயில் சாயும் நேரத்தில் டிரோன் படம் அனுப்பியது. அலைமேல் ஒரு வள்ளம், பின்னால் கடலுக்குள் இழுபடும் பாய், கையை அசைக்கும் மூன்று பேர். நடுவில் நீலமாக ஒன்று நின்றது. ஆவுடையப்பன் அந்த நீலத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். முன்கூடத்துக்குச் செய்தி போனதும் எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ரோந்துப் படகு அவர்களை ஏற்றிக்கொண்டதும் ரேடியோவை மையத்தின் தொலைபேசியோடு இணைத்துக் கொடுத்தார்கள். கேபிள் அறுந்ததால் உயிரோடு இருந்தது முன்கூடத்துத் தொலைபேசி ஒன்றுதான். பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்க, பிரகாசி அதைக் காதில் வைத்தாள். கஸ்பாரின் குரல் கரகரவென்று எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா! எனக்கு ஒண்ணுமில்ல. மூணு பேரும் நல்லா இருக்கோம்."

"சாப்புட்டியாடா?"

"பிஸ்கட் குடுத்தாக. அக்கா, உன் டிரம்தான் காப்பாத்துச்சு. கேனு எல்லாம் மொத அலையிலயே போச்சு. டிரம்மக் கட்டி வச்சிருந்தோம். இவனுவ ரெண்டு பேரும் கரைக்கு ஓடுவோம்னு பயந்தானுவ. நான்தான் சொன்னேன், தொம்மை மச்சான் இதே மாதிரி அளந்து குடிச்சுக்கிட்டுத்தான் இன்னும் உசுரோட கெடக்காக, நாமளும் கெடப்போம்னு. தண்ணி குடிக்கும்போதெல்லாம் மச்சான நெனச்சுக்கிட்டோம்."

பிரகாசி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா? மச்சானத் தேடிக்கிட்டுத்தான இருக்காக? மச்சான்ட்ட டிரம் இருக்குல்லா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அன்று இதே தொலைபேசியில் அவள் சொன்னது எல்லோருக்கும் தெரியும். தெக்லாவுக்கு அந்தத் தொலைபேசியைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும்போல இருந்தது.

"இருக்குடா" என்றாள் பிரகாசி. "மச்சான்ட்ட டிரம் இருக்கு. நீ வீட்டுக்கு வா."

தொலைபேசியை வைத்துவிட்டு, அந்தப் பெண்களின் நடுவே போய் நின்று, முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். தெக்லா அவளைப் பிடித்துக்கொள்ளப் போனாள். மற்ற பெண்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெக்லா தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

திரையில், பட்டியலின் அடியில், புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. தொம்மை.

தெக்லாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்தத் தொலைபேசி யாருடையது? தேடியுடையது. அது எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். பிரகாசியின் குரல் அதற்கு நன்றாகப் பழக்கம். புதிய தகவல் கிடைத்தால் மீண்டும் தொடங்கும் என்று அது சொல்லியிருந்தது, சொன்னபடி தொடங்கிவிட்டது. நிழல் வள்ளங்கள் மறுபடி ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தன. மெமரி கொஞ்சம் ஏறியது, இன்னும் கொஞ்சம் ஏறியது.

"தகவலைத் திருத்து" என்று ஒரு வரி தட்டினால் போதும். பொய் என்று அவளுக்கே தெரியும். விரல்கள் விசைப்பலகைமேல் போய் நின்றன.

"என்னது தெக்லா?" ஆவுடையப்பன் மூலையிலிருந்து கேட்டார். பையை எடுத்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மறுபடி ஏறுதா?"

"ஒண்ணுமில்ல சார். சின்னது. நீங்க போங்க."

ஒரு தேடலை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு நிரல் எவ்வளவு இடம் எடுக்கலாம் என்று வரம்பு வைக்கக் கணினிக்காரிக்கு எப்போதும் அதிகாரம் உண்டு. தெக்லா அந்த வரிக்கு ஒரு வரம்பு போட்டாள், மற்ற யாருடைய இடத்தையும் தொடாத அளவுக்கு. ஒரே ஒரு நிழல் வள்ளம் ஓடலாம். நான்கு பேர், ஒரு தார்ப்பாய், ஒரு டிரம். அதற்கு மேல் ஒரு சொட்டு இடமும் கிடையாது.

இறங்கியிருந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாக மறைந்து கடைசியில் ஒன்று நின்றது. அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரையை அணைக்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.